ஆண் நாய்களின் விதைக் கட்டிகள்: வீட்டுப் பரிசோதனை முதல் அறுவைக்குப் பிந்தைய கவனிப்பு வரை

வயதான ஆண் நாய்களுக்கு அடிக்கடி வரும் கட்டிகளில் விதைக் கட்டியும் ஒன்று. பெரும்பாலானவை உடலின் வேறு பாகங்களுக்குப் பரவுவதில்லை. உரிய காலத்தில் விதைகளை அகற்றிவிட்டால் நாய் முழுமையாகக் குணமடைந்துவிடும். அப்படியிருந்தும் இந்தக் கட்டியால் நாய்கள் இறப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பிழை, செய்ய வேண்டியவற்றின் வரிசையில்தான் இருந்தது. விதைகள் இரண்டும் இருக்கின்றனவா என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். முடி கொட்டுவதைத் தோல் நோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்துக் குளியல் நடந்திருக்கும். கடைசியில் ரத்தப் பரிசோதனைகூட இல்லாமல் அறுவை மேசைக்குப் போயிருப்பார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை அவை இருக்கும் வரிசையிலேயே செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. தொடங்கும் முன் திரட்டிக்கொள்ள வேண்டியவை

நாயின் வயது, இப்போதைய எடை, முன்பு நடந்த அறுவைகளின் சீட்டுகள், கடந்த ஆறு மாதங்களில் கொடுத்த மருந்துகளின் பெயர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த நாய் எப்போதாவது இனச்சேர்க்கைக்குப் பயன்பட்டதா என்பதையும் அதில் சேருங்கள். தொற்று நோயா கட்டியா என்று பிரித்தறிய மருத்துவருக்கு இந்தத் தகவல் நேரடியாக உதவும்.

வீட்டில் யாராவது ஹார்மோன் கலந்த களிம்பைக் கைகளிலோ தொடையிலோ பூசிக்கொள்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த களிம்பு பூசிய தோலைத் தொடர்ந்து நக்கும் நாய்க்கு முலைக்காம்பு வீங்கலாம், முடியும் கொட்டலாம். பார்வைக்கு அது விதைக் கட்டியின் அறிகுறிபோலவே இருக்கும். கேட்க வெட்கப்பட்டு விட்டுவிடும் கேள்வி இது. கேட்காமல் விட்டால் தேவையற்ற பரிசோதனைகளுக்கு நாயை ஆளாக்க நேரிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம், ஓர் அளவுகோல், கையுறை, நாயின் தலைப்பக்கம் நின்று தடவிக்கொடுக்க ஓர் ஆள் ஆகியவை இருந்தால் போதும்.

2. முதலில் விதைகளை எண்ணுங்கள்

ஆண் குட்டியின் விதைகள் பிறக்கும்போது வயிற்றுக்குள் இருந்து, பிறகு தொடையிடுக்கு வழியாக விதைப்பைக்குள் இறங்குகின்றன. பெரும்பாலான குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரங்களுக்குள் இரண்டும் பைக்குள் வந்துவிடும். இரண்டு மாதத்தில் ஒன்றைக் காணவில்லையென்றால் சந்தேகப்பட வேண்டும். ஆறு மாதம் வரை காத்திருந்தும் வரவில்லையென்றால் அது இறங்காத விதை என்றே முடிவு செய்யலாம்.

இறங்காத விதை உடலின் வெப்பத்திலேயே தங்கியிருப்பதால் அதில் கட்டி உருவாகும் வாய்ப்பு சாதாரண விதையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் என்று கணிக்கப்படுகிறது. கட்டி தோன்றும் வயதும் முன்னதாகவே வருகிறது. அந்த விதை தன் தண்டிலேயே முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இந்தக் குறை பரம்பரையாக வருவது என்பதால், ஒரு விதை மட்டும் இறங்கிய நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது; அதற்கு விந்து உற்பத்தி இருந்தாலும் கூடாது.

எண்ணும்போது புதியவர்கள் மூன்று இடங்களில் தவறுகிறார்கள். ஆண்குறியின் அடிப்பகுதியில் இருக்கும் குமிழ், நாய் உற்சாகப்படும்போது இருபுறமும் உருண்டையாகப் புடைக்கும். அதை விதை என்று எண்ணிவிடுகிறார்கள். விதைப்பை குறிக்குப் பின்னால், பின்னங்கால்களுக்கு நடுவே இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் இந்தக் குழப்பம் வராது. அடுத்து, தொடையிடுக்கில் உள்ள கொழுப்பையோ நிணநீர்க்கணுவையோ விதையாக நினைப்பது. மூன்றாவது, குளிரிலும் பயத்திலும் சிறு குட்டியின் விதை மேலே இழுத்துக்கொள்வதை மறந்து, ஒரே முறை பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு செய்வது. குட்டி தூங்கி எழுந்து உடல் தளர்ந்திருக்கும் நேரத்தில் இன்னொரு முறை பாருங்கள்.

"ஏற்கெனவே ஆபரேஷன் பண்ணியாச்சு" என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட நாயிடம் இன்னும் கூடுதல் கவனம் தேவை. பைக்குள் இருந்த ஒரு விதையை மட்டும் எடுத்துவிட்டு, வயிற்றுக்குள் இருந்ததை அப்படியே விட்ட நாய்கள் உண்டு. அறுவைச் சீட்டில் இரண்டு விதைகளும் அகற்றப்பட்டதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சீட்டு கிடைக்கவில்லையென்றால் ரத்தத்தில் ஆன்டி முல்லேரியன் ஹார்மோனை அளக்கச் சொல்லலாம். விதைத் திசு உடலில் எங்கு இருந்தாலும் இந்தப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும்.

3. மாதம் ஒரு முறை தடவிப் பார்க்கும் முறை

நாயை நிற்க வைத்து, உதவிக்கு இருப்பவரைத் தலைப்பக்கம் நிற்கச் சொல்லுங்கள். உங்கள் கை சூடாக இருக்கட்டும். குளிர்ந்த கை பட்டால் பை சுருங்கி, விதைகள் மேலேறி, ஒப்பிட முடியாமல் போய்விடும்.

ஒரு விதையை மட்டும் கட்டைவிரலுக்கும் இரு விரல்களுக்கும் நடுவே மெல்லப் பிடித்து, மேலிருந்து கீழாக உருட்டிப் பாருங்கள். நலமான விதை நீள்வட்டமாக, வழவழப்பாக, அழுத்தினால் சற்றே நெகிழ்ந்து மீளும் தன்மையோடு இருக்கும். அதன் ஓரத்தை ஒட்டி வரப்புபோல ஒரு சுருள் குழாய் ஓடி, வால்பக்கத்து முனையில் சிறு மொட்டாக முடியும். புதியவர்கள் கட்டி என்று பதறி ஓடிவருவது பெரும்பாலும் இந்த மொட்டைத் தொட்டுவிட்டுத்தான். இரு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருந்தால் அது இயல்பான உறுப்பு.

பிறகு மற்றதையும் அதே விதமாகப் பாருங்கள். இரண்டையும் ஒப்பிடுவதுதான் இந்தப் பரிசோதனையின் உயிர்நாடி. ஒன்று பெருத்திருக்கிறதா, கல்போல் கெட்டிப்பட்டிருக்கிறதா, மேடு பள்ளமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒன்று வழக்கமான அளவில் இருந்து மற்றது சுருங்கித் தளர்ந்திருந்தால், சுருங்கியதைத்தான் நோய்வாய்ப்பட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் கட்டி சுரக்கும் ஹார்மோன் எதிர்ப்பக்க விதையைச் சுருங்க வைக்கக்கூடும். ஆகவே சாதாரணமாகத் தெரியும் விதையையே முதலில் சந்தேகியுங்கள்.

நீளத்தை அளவுகோலால் தோராயமாக அளந்து, தேதியோடு எழுதுங்கள். "கொஞ்சம் பெரிசா இருக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்வதைக் காட்டிலும், "மூன்று மாதத்தில் இடதுபுறம் 3 செ.மீ.யிலிருந்து 4 செ.மீ. ஆகியிருக்கிறது" என்று சொல்வது மருத்துவருக்குப் பலமடங்கு பயன்படும். பிசைந்து அழுத்தவே வேண்டாம். கட்டிக்குள் ரத்தக்கசிவு இருந்தால் வலி அதிகமாகும். ஏழு வயதைக் கடந்த நாய்க்கு இந்த மாதாந்திரப் பரிசோதனையை ஒருபோதும் தவறவிடாதீர்கள்.

4. பிறகு முழு உடலையும் பாருங்கள்

நாய்களின் விதையில் பெரும்பாலும் மூன்று வகைக் கட்டிகள் வருகின்றன: செர்டோலி செல் கட்டி, செமினோமா, லேடிக் செல் கட்டி. ஒரே விதையில் இரண்டு வகைகள் சேர்ந்திருப்பதும் உண்டு. லேடிக் செல் கட்டி பொதுவாகச் சிறியது. பரவுவது மிக அரிது. வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போதுதான் பல நேரங்களில் கண்ணில் படும். செமினோமாவும் செர்டோலி செல் கட்டியும் இறங்காத விதையில் அதிகம் வருபவை. செர்டோலி செல் கட்டிகளில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து, ஆண் நாயின் உடலில் பெண்மைக்குரிய மாற்றங்களை உண்டாக்கும். வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் கட்டியை வெளியே காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் இந்த மாற்றங்களே.

வயதான நாய் ஒன்று எட்டு மாதங்களாகத் தோல் சிகிச்சையில் இருந்தது. இடுப்பின் இருபுறமும், தொடையின் பின்பக்கத்திலும், கழுத்துப் பட்டை படும் இடத்திலும் முடி கொட்டி, தோல் கறுத்துப்போயிருந்தது. சொறியவே இல்லை. அதை மல்லாக்கப் படுக்க வைத்துப் பார்த்தபோது குறியின் உறை தளர்ந்து தொங்கியது, முலைக்காம்புகள் பருத்திருந்தன, உறையின் வாயிலிருந்து விதைப்பை வரை, அடிவயிற்றின் நடுக்கோட்டில், பென்சிலால் கோடு கிழித்ததுபோல ஒரு சிவந்த பட்டை ஓடியது. பையில் இருந்தது ஒரே ஒரு விதை. மற்றது வயிற்றுக்குள் கட்டியாக இருந்ததை ஸ்கேன் காட்டியது. அந்தச் சிவந்த கோடு விதைக் கட்டிக்கே உரிய அடையாளம் என்று சொல்லுமளவு முக்கியமானது. நாயை நிற்க வைத்தே பார்ப்பவர்களின் கண்ணில் அது படுவதேயில்லை.

கவனிக்க வேண்டிய மற்றவை: அரிப்பு இல்லாமல் இருபுறமும் சமச்சீராக முடி கொட்டுதல், மற்ற ஆண் நாய்கள் இதைப் பெட்டை நாய் என்று எண்ணிப் பின்தொடர்தல், பெட்டைபோல உட்கார்ந்து சிறுநீர் கழித்தல், இனச்சேர்க்கை நாட்டம் குறைதல், கத்தரித்த இடத்தில் முடி திரும்ப வளராமை.

இனி அவசரமாகப் பார்க்க வேண்டியது. உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ, ஈறிலும் வயிற்றுத் தோலிலும் ஊசி குத்தியதுபோல சிவப்புப் புள்ளிகள் இருந்தாலோ, காரணமில்லாமல் மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள். அளவு மீறிய ஈஸ்ட்ரோஜன் எலும்பு மஜ்ஜையை ஒடுக்கி, சிவப்பணு, வெள்ளையணு, ரத்தம் உறைய உதவும் தட்டணு மூன்றையும் குறைத்துவிடும். பரவாத கட்டி உள்ள நாயின் உயிரையும் இது பறித்துவிடும்.

5. கட்டி என்று முடிவு கட்டும் முன் விலக்க வேண்டியவை

விதைப்பை திடீரென வீங்கி, சூடாகி, சிவந்து, தொட்டால் நாய் கத்தினால் அது கட்டியைவிட அழற்சியாக இருக்கும் வாய்ப்பே அதிகம். கட்டி பொதுவாக வலியில்லாமல், மெதுவாக வளரும். அழற்சிக்குப் பல கிருமிகள் காரணமாகலாம். அவற்றில் புருசெல்லா கேனிஸ் மனிதர்களுக்கும் தொற்றக்கூடியது. இனச்சேர்க்கை நடந்த நாய் என்றால் இந்தக் கிருமிக்கான பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். முடிவு வரும் வரை கையுறை இல்லாமல் அந்தப் பகுதியையோ சிறுநீரையோ தொடாதீர்கள். மற்ற நாய்களிடமிருந்தும் அதைப் பிரித்து வையுங்கள்.

ஒரு விதை இறங்காத நாய் திடீரென வயிற்றைத் தொடவிடாமல், முதுகைக் கூனிக்கொண்டு, வாந்தியெடுத்துச் சோர்ந்துவிட்டால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். இது அவசர அறுவைக்குரிய நிலை. காலை வரை காத்திருக்கக் கூடாது.

குறியிலிருந்து ரத்தம் சொட்டினால் இரண்டு காரணங்களை முதலில் நினையுங்கள். குறியின் மேல் காலிஃப்ளவர்போலச் சிவந்து, தொட்டால் ரத்தம் கசியும் வளர்ச்சி இருந்தால், அது இனச்சேர்க்கையாலும் நக்குவதாலும் பரவும் பால்வினைக் கட்டியாக இருக்கலாம். அதற்கு விதையை எடுப்பது சிகிச்சை ஆகாது; வாரம் ஒரு முறை நரம்பு வழியாகச் செலுத்தும் வின்கிரிஸ்டின் மருந்துக்கு அது மிக நன்றாகக் கட்டுப்படும். குறியில் எதுவும் இல்லாமல், சிறுநீரோடு தொடர்பின்றி ரத்தம் சொட்டி, மலமும் நாடாபோலத் தட்டையாக வந்தால், சிறுநீர்ப்பையின் கழுத்தை ஒட்டியுள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கலாம்.

புராஸ்டேட் வீக்கம் விதை நீக்கப்படாத வயதான நாய்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வருவது. விதைகள் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன்தான் அதைத் தூண்டுகிறது. ஆகவே விதைகளை நீக்கிய மூன்று வாரங்களில் சுரப்பி ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிடும். ஆசனவாயைச் சுற்றி வரும் அடினோமா என்ற சாதுவான கட்டியும் இதே ஹார்மோனைச் சார்ந்ததுதான். ஆனால் புராஸ்டேட் புற்றுநோய் வேறு. விதையை நீக்கிய நாய்க்கும் அது வரும். அறுவை செய்த நாய்க்குப் புராஸ்டேட் பெரிதாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள்.

உறையின் நுனியில் மஞ்சளும் பச்சையும் கலந்த சிறிது கசிவு மட்டும் இருந்து, நாய் நலமாக இருந்தால் அது பெரும்பாலும் இயல்பானதே.

6. மருத்துவரிடம் பரிசோதனைகளின் வரிசை

முதலில் முழு ரத்த அணு எண்ணிக்கை. அணுக்கள் குறைந்திருப்பது தெரியாமல் கத்தி வைத்தால் ரத்தம் உறையாமல் போகலாம். வெள்ளையணு குறைவாக இருந்தால் தையல் போட்ட இடத்தில் தொற்று பரவலாம். அறுவை நாளன்று மேசைக்குப் பக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது. முடிவைப் பார்த்து, தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றவும், நாளை மாற்றவும் அவகாசம் வேண்டும். கூடவே சிறுநீரக, கல்லீரல் செயல்பாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வயதான நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பதற்கு இவையே அடிப்படை.

இரண்டாவது, குறியின் உறைக்குள்ளிருந்து பஞ்சுக்குச்சியால் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. சினைக்கு வந்த பெட்டை நாயில் காண்பதுபோன்ற தட்டையான, முதிர்ந்த செல்கள் அதிகம் இருந்தால் ஈஸ்ட்ரோஜன் உடலில் வேலை செய்கிறது என்று பொருள். நாய்க்கு வலியில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். பலர் கேட்காததாலேயே செய்யப்படாமல் போகும் எளிய பரிசோதனை இது. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவு இயல்பாக இருக்கிறது என்ற ஒரே முடிவை வைத்துக்கொண்டு கட்டி இல்லை என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். அறிகுறிகள் உள்ள நாய்களிலும் அந்த அளவு இயல்பாக வருவதுண்டு.

மூன்றாவது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். விதைகளோடு நிறுத்திவிடாமல் புராஸ்டேட்டையும், இடுப்பெலும்புக்கு முன்னால் முதுகுத்தண்டை ஒட்டியுள்ள நிணநீர்க்கணுக்களையும் பார்க்கச் சொல்லுங்கள். விதைக் கட்டி பரவினால் பெரும்பாலும் முதலில் போய்ச் சேருமிடம் அந்தக் கணுக்கள்தான். பிறகு நெஞ்சு எக்ஸ்ரே; நுரையீரலில் பரவல் இருக்கிறதா என்று அறிய அது உதவும்.

7. அறுவை நாள்

கட்டி ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும் இரண்டு விதைகளையும் அகற்றுவதே வழக்கம். மற்றதிலும் கையில் அகப்படாத சிறு கட்டி இருக்கக்கூடும். இல்லையென்றாலும் பின்னாளில் வரலாம். வயிற்றுக்குள் இருக்கும் விதைக்கு வயிற்றைத் திறந்தோ, சிறு துளை வழியாகக் கருவி செலுத்தும் லேப்ராஸ்கோப்பி மூலமோ அறுவை செய்வார்கள். அதைத் தேடி எடுக்க நேரம் பிடிக்கும் என்பதால், எங்கே இருக்கிறது என்று ஸ்கேனில் முன்கூட்டியே பார்த்துவிடுவது மயக்க நேரத்தைக் குறைக்கும்.

உணவை எத்தனை மணிக்கு நிறுத்துவது, தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்திருந்தால் மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பட்டினி போட மனம் வராமல் யாரோ ஒருவர் காலையில் பிஸ்கட் கொடுத்துவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. வீட்டில் உள்ள எல்லோருக்கும் முந்தைய இரவே சொல்லிவிடுங்கள்.

அகற்றிய விதைகளை நுண்திசு ஆய்வுக்கு அனுப்பும்படி முன்கூட்டியே கேளுங்கள். இரண்டையும், எந்தப் பக்கத்தது என்று தனித்தனியாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வெட்டிப் பார்த்தால் லேடிக் செல் கட்டி பெரும்பாலும் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து மெத்தென்று இருக்கும். செர்டோலி செல் கட்டி வெளுத்துக் கெட்டியாக இருக்கும். செமினோமா வெளிர்நிறத்தில் பிதுங்கி நிற்கும். ஆனால் நிறத்தை வைத்து வகையை உறுதி செய்துவிட முடியாது. எந்த வகை என்பதும், ரத்தக் குழாய்களுக்குள் புகுந்திருக்கிறதா என்பதும் ஆய்வகத்தில்தான் தெரியும். அடுத்த கண்காணிப்பு முழுவதும் அந்த முடிவைப் பொறுத்தது.

8. அறுவைக்குப் பின் முதல் இரண்டு வாரங்கள்

நாய் தையலை நக்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பை முதல் நிமிடத்திலிருந்தே மாட்டுங்கள். 10 முதல் 14 நாள் வரை, மருத்துவர் சொல்லும் வரை, கழற்ற வேண்டாம். ஒரே ஒரு இரவு கழற்றி வைத்ததில் தையலைப் பிரித்துக்கொண்டு மறுபடியும் மயக்க மருந்துக்குப் போன நாய்கள் உண்டு. குளிப்பாட்டக் கூடாது, ஓடவும் தாவவும் விடக் கூடாது. ஓடினால் வெறுமையான பைக்குள் ரத்தம் தேங்கிப் பந்துபோல் வீங்கிவிடும்.

தையலைக் காலையும் மாலையும் ஒரே வெளிச்சத்தில் பாருங்கள். சிறிய வீக்கம் முதல் சில நாள் இருக்கும். வீக்கம் நாளுக்கு நாள் கூடினாலோ, கசிவு நின்றபாடில்லை என்றாலோ, துர்நாற்றம் வந்தாலோ, நாய் உண்ண மறுத்தாலோ தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரில் கொண்டு செல்லுங்கள்.

வலிக்கு மனிதர்களின் மாத்திரை வேண்டவே வேண்டாம். ஐபுப்ரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருத்துவர் தந்ததை, தந்த அளவில் மட்டும் கொடுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள்: விதைகளை எடுத்த பிறகும் குழாய்களில் எஞ்சிய விந்தணுக்களால் சில வாரங்கள் வரை பெட்டை சினைப்பட வாய்ப்பு உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் தனியாக வைப்பது நல்லது.

9. முடிவு வந்த பின்

பரவாத கட்டி, ரத்த அணுக்களும் இயல்பு என்றால் அறுவையே முழுச் சிகிச்சை. பெண்மை மாற்றங்கள் ஒன்று முதல் மூன்று மாதங்களில் படிப்படியாக மறையும். முதலில் முலைக்காம்புகள் சிறுத்தும் தொங்கிய உறை சுருங்கியும் வரும். முடி பிறகே வளரும். மூன்றாவது வாரத்திலேயே முடி வளரவில்லை என்று மனம் தளர்ந்து தோல் மருந்துகளைத் திரும்பத் தொடங்கிவிடாதீர்கள்.

மஜ்ஜை பாதிக்கப்பட்ட நாய்க்கு ரத்த அணு எண்ணிக்கையை மருத்துவர் குறித்துத் தரும் இடைவெளியில் தவறாமல் பார்க்க வேண்டும். மீண்டுவர வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதற்குள் தொற்றும் ரத்தக்கசிவும் வராமல் காப்பதுதான் சிகிச்சை. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மஜ்ஜை மீளாமலே போவதும் உண்டு. இதை உரிமையாளருக்கு அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செர்டோலி செல் கட்டியோ செமினோமாவோ ரத்தக் குழாய்களுக்குள் புகுந்திருந்தால், வயிற்று ஸ்கேனையும் நெஞ்சு எக்ஸ்ரேவையும் எந்த இடைவெளியில் திரும்ப எடுப்பது என்று தேதி குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். பரவிய நிலையில் கதிர்வீச்சும் கீமோதெரபியும் சில நாய்களுக்குப் பலன் தருகின்றன.

முடி முழுவதும் வளர்ந்து, பல மாதங்கள் நலமாக இருந்த நாய்க்கு முலைக்காம்பு மீண்டும் பருத்தாலோ, அடிவயிற்றில் அந்தச் சிவந்த கோடு மீண்டும் தெரிந்தாலோ, உடலில் வேறெங்கோ ஈஸ்ட்ரோஜன் சுரக்கத் தொடங்கியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அன்றே புகைப்படம் எடுத்து, பழைய ஆய்வக முடிவோடு மருத்துவரிடம் செல்லுங்கள்; ரத்த அணு எண்ணிக்கையிலிருந்தே மறுபடியும் தொடங்கச் சொல்லுங்கள்.